தூக் குடிக்கலாம், உப்பை மட்டும் பாருங்கள்

துபாயில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். வெயில் காலம் தொடங்கினாலே ஒரு கேள்வி வரும்: "ஈரான் கடையில விக்கிற தூக் குடிக்கலாமா மேடம்? நம்ம மோர்தானே?"

ஏறக்குறைய மோர்தான். தயிர், தண்ணீர், உப்பு, காய்ந்த புதினா. ஈரானில் சேலோ கபாப் (சோறும் சுட்ட இறைச்சியும்) சாப்பிட உட்கார்ந்தால் கூடவே தூக்கும் வரும். மலைப்பகுதி நாடோடி மக்கள் ஆட்டுத்தோல் பையில் தயிரை ஊற்றி, மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டிய முக்காலியில் தொங்கவிட்டு ஆட்டி வெண்ணெய் எடுப்பார்கள். மிஞ்சுவதுதான் பழைய முறைத் தூக். டெஹ்ரானுக்குக் கிழக்கே உள்ள ஆப் அலி, நுரைக்கும் தூக்குக்குப் பெயர்போன ஊர்.

வெயிலுக்கு நல்ல பானம்தான். என் கவலையெல்லாம் பாட்டிலில் வருவதன் உப்பு. லேபிளில் 100 மில்லிக்கு 0.8 கிராம் உப்பு என்று இருந்தால், 300 மில்லி டம்ளரில் 2.4 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே டம்ளரில் கிட்டத்தட்ட பாதி முடிந்தது. சாம்பாரும் ஊறுகாயும் இன்னும் கணக்கில் வரவில்லை. சோடியம் மட்டும் போட்டிருந்தால் 2.5 ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு கிடைக்கும். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்று வருகிறவர்கள், சாப்பாட்டை விலாவாரியாகச் சொல்வார்கள். குடிப்பதைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

அதனால் வீட்டிலேயே செய்யுங்கள். ஒரு கப் தயிரில் கால் டீஸ்பூன் உப்பு போடுங்கள். காய்ந்த புதினா அரை டீஸ்பூன் எடுத்து, உள்ளங்கையில் கசக்கிச் சேருங்கள். கசக்கினால்தான் வாசனை எழும். தண்ணீர் ஊற்றுமுன் இதைக் கட்டியில்லாமல் அடித்துவிட்டு, அப்புறம் ஒன்றரை கப் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தால் புதினா ஊறிவிடும். நுரை வேண்டுமென்றால் பாதித் தண்ணீருக்குப் பதில் சோடா, அதுவும் குடிக்கும்போது மட்டும். துருவிய வெள்ளரிக்காய் போட்டால் உப்பு இன்னும் குறைவாகவே போதும். பிரஷர் உள்ளவர்கள் உப்பே போடாமல் குடித்துப் பாருங்கள், புதினாவும் புளிப்பும் ஈடுகட்டும். சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். தயிரில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் உண்டு.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) தான், தூக் அதற்கு ஈடாகாது. வெயிலில் ஒருவர் மயங்கிவிட்டாலோ பேச்சு குழறினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்.