பிளேஸ்டேஷனைத் திறக்காதீர்கள், கோளாறு ஆட்டத்தில்தான்

மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. சாம்பல் நிறப் பழைய பிளேஸ்டேஷன், சோனியின் முதல் கேம் பெட்டி. அடிப்பக்கத் திருகுகளின் தலை வழுக்கியிருக்கிறது. உள்ளே டிஸ்க்கைப் படிக்கும் லேசரின் அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகை யாரோ இஷ்டத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். கொண்டுவந்தவர் சொன்ன புகார் இதுதான்: “அண்ணா, பப்ஸி த்ரீடி போட்டா இடது பக்கம் வேலை செய்யல. பூனை நின்ன இடத்துலயே சுத்துது. படமும் நடுங்குது.”

இடது பொத்தானுக்கும் லேசருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத் திருப்பியிருக்கிறார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி இப்போது எந்த டிஸ்க்கையும் படிக்க மாட்டேன் என்கிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் பழைய கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. இந்த ஒரே புகாரோடு, ஒரே ஆட்டத்தோடு, எத்தனை பேர்தான் வருவார்கள்! பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டிய அப்பாக்கள். சின்ன வயதில் வீட்டில் கோல்டன் சைனா டிவி கேம், பிறகு மெகா டிரைவ் என்று அந்தக் காலத்துக் கேம் பெட்டிகளோடு வளர்ந்தவர்கள். 1993இல் வந்த, பூனை ஓடிக் குதிக்கும் முதல் பப்ஸி ஆட்டம் ஞாபகத்தில் இருக்கும். அதே ஆசையில் 1996இன் முப்பரிமாண பப்ஸியை, அதாவது பப்ஸி த்ரீடியை, எங்கிருந்தோ தேடி வாங்கி, பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள். பிள்ளையால் ஒரு பாறையைக்கூடத் தாண்ட முடிவதில்லை. உடனே கண்ட்ரோலர் மீது சந்தேகம், அடுத்து பெட்டி மீது சந்தேகம், கடைசியில் பிள்ளைக்குத் திட்டு.

தயவுசெய்து கேளுங்கள். அந்த ஆட்டம் அப்படித்தான் நடக்கும். அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

பழைய இருபரிமாண பப்ஸியில் இடதை அமுக்கினால் பூனை இடப்பக்கம் ஓடும். முப்பரிமாண பப்ஸியில் இடதை அமுக்கினால் பூனை ஓடாது, உடம்பை மட்டும் இடப்பக்கம் திருப்பும். திரும்பிய பிறகு மேல் பொத்தானை அமுக்கினால்தான் அந்தத் திசையில் நடக்கும். பீரங்கி வண்டியைத் திருப்பி ஓட்டுகிற மாதிரி. மெதுவாக நடந்து புதிர் அவிழ்க்கும் ஆட்டங்களில் இந்த முறை பரவாயில்லை. வேகமாக ஓடி, குதித்து, எதிரியின் தலையில் இறங்க வேண்டிய ஆட்டத்துக்கு இது ஒத்தே வராது. எதிரி பக்கத்தில் நிற்கிறான். விரல் இடதுக்குப் போகிறது. பூனை திரும்பிக்கொண்டிருக்கும்போதே அடி விழுந்துவிடுகிறது. இதில் பொத்தானின் ரப்பர் தேய்ந்துபோனதற்கு எந்த அடையாளமும் இல்லை. நான் கண்ட்ரோலரைப் பிரித்து, ரப்பரைத் துடைத்து, மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அதே 1996 ஜூனில் ஜப்பானில் சூப்பர் மேரியோ 64 வெளியானது. அதை விளையாட நின்டெண்டோ அனலாக் குச்சி உள்ள கண்ட்ரோலரைக் கொடுத்தது. குச்சியைக் கொஞ்சம் சாய்த்தால் மேரியோ நடப்பார், முழுக்கச் சாய்த்தால் ஓடுவார். சாய்த்த திசையிலேயே போவார். பிளேஸ்டேஷனோடு அன்று வந்த கண்ட்ரோலரில் குச்சியே கிடையாது. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அதே ஆண்டு பிளேஸ்டேஷனுக்கு வந்த கிராஷ் பாண்டிகூட் அதே திசைப் பொத்தான்களை வைத்துத்தான் விளையாட வைத்தது. பாதையைக் குறுக்கி, கேமராவை அவர்களே நிர்ணயித்து, குதிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார்கள். பப்ஸியில் பெரும்பாலும் ஒரே நிறம் பூசிய வெற்றுப் பரப்புகள். தரையில் கல், புல் என்று எந்த அடையாளமும் இல்லாவிட்டால் மேடை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கண் கணிப்பது எப்படி? பிள்ளை விழுவது அதனால்தான். விளையாடத் தெரியாமல் இல்லை.

செய்தவர்களுக்குத் திறமை போதாது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஐடெடிக் என்ற அந்த நிறுவனமே 1999இல் சைஃபன் ஃபில்டர் என்ற ஆட்டத்தைச் செய்தது. பிறகு சோனி அதை வாங்கியது, இன்றைய பெண்ட் ஸ்டூடியோ அதுதான். முப்பரிமாணத்தில் எப்படிக் குதிக்க வைப்பது என்று உலகமே தடவிக்கொண்டிருந்த நேரம் அது. 1999இல் எர்த்வார்ம் ஜிம் த்ரீடி, 2003இல் மெகா மேன் எக்ஸ்7 என்று பிறகும் பல பேர் இதே பள்ளத்தில் விழுந்தார்கள்.

படம் நடுங்குவதும் பழுதல்ல. இந்தப் பெட்டி உருவங்களின் மூலைகளை முழுப் பிக்சல்களில் மட்டுமே வைக்கும். நகரும்போது மூலைகள் தாவித் தாவிப் போகும். இந்த முதல் பிளேஸ்டேஷன் எல்லாமே இப்படித்தான்.

உண்மையான பழுது வேறு மாதிரி இருக்கும். வீடியோக் காட்சி விக்கி விக்கி ஓடும், லோடிங்கில் அப்படியே நின்றுவிடும், பெட்டியைத் தலைகீழாக வைத்தால் ஓடும். அப்போது என்னிடம் வாருங்கள். கண்ட்ரோலர் மீது சந்தேகமா? வேறொரு இருபரிமாண ஆட்டத்தைப் போட்டு நான்கு திசையும் அமுக்கிப் பாருங்கள். அங்கே ஓடினால் கண்ட்ரோலர் நல்லது. பிறகு வந்த, குச்சிகள் உள்ள டுயல்ஷாக் கண்ட்ரோலரை வைத்திருப்பவர்கள் நடுவில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், குச்சி வருவதற்கு முந்தைய பல ஆட்டங்களுக்குக் கண்ட்ரோலர் இருப்பதே தெரியாது. அனலாக் பொத்தானை அமுக்கி விளக்கை அணையுங்கள். செத்துப்போன கண்ட்ரோலர் என்று வந்தவை பல இதனால்தான் வந்தன.

அமெரிக்கா, ஜப்பான் பெட்டிகளை நேராக நம் சுவர் பிளக்கில் செருகவே செருகாதீர்கள். அவை 120, 100 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் வீட்டில் வருவது 230. ஒரு நொடியில் பவர் போர்டு கருகிவிடும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

பிள்ளைக்கு முப்பரிமாண ஆட்டம் பழக்க வேண்டுமானால் கிராஷில் தொடங்குங்கள். பப்ஸி பிடிக்கும் என்றால் 1993 பப்ஸியைக் கொடுங்கள். கடைக்கு வரும்போது பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வராமல், எந்த ஆட்டத்தில் தகராறு செய்ததோ அந்த டிஸ்க்கையும் கொண்டுவாருங்கள். பாதிப் பேருக்குக் காசே வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.