கிளெய்ம் படிவத்தில் மேப்புக்குக் கட்டம் இல்லை

சேலத்தில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, எது உடைந்திருக்கிறது, எவ்வளவு செலவாகும், விபத்து அவர்கள் சொல்கிற மாதிரிதான் நடந்ததா என்று அறிக்கை எழுதுவது என் வேலை. ஏற்காட்டுக்கு வந்தவர்களின் வண்டிகள் என்றால் பெரும்பாலும் திங்கட்கிழமைதான் போன் வரும். கொஞ்ச காலமாக "விபத்து எப்படி நடந்தது" என்ற இடத்தில் ஒரே பதிலை அடிக்கடி படிக்கிறேன்: மேப் தவறான வழி காட்டிவிட்டது.

அதே படிவம் வண்டியை ஓட்டியவரின் பெயரைக் கேட்கும், லைசென்ஸ் எண்ணைக் கேட்கும். மேப்பைப் பற்றி எந்தக் கட்டமும் கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு கார் பார்த்தேன். மலையிலிருந்து இரவில் இறங்கிய குடும்பம். 12 நிமிடம் மிச்சம் என்று மேப் காட்டிய பாதையில் திரும்பி, காபித் தோட்டத்துக்குள் போய்விட்டார்கள். இருபக்கமும் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், நடுவில் ஜீப் சக்கரம் பதிந்த இரண்டு தடம், தடங்களுக்கு நடுவே மேடு. அந்த மேட்டில் கிடந்த கல்லில், எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் ஆயில் சேம்பர் அடிபட்டு உடைந்திருந்தது. கல்லின் மேல் கருப்பாக ஆயில் வழிந்து, காய்ந்த இலைகளெல்லாம் அதில் ஒட்டிக் கிடந்தன. ஆயில் விளக்கு எரிந்த பிறகும் கொஞ்ச தூரம் ஓட்டியதால் எஞ்சினும் உள்ளே இறுகிப் பிடித்து ஓடாமல் நின்றுவிட்டது.

ஓட்டியவரிடம் பேசப் பேச மற்றதும் வந்தது. தோட்டத்து மரக்கேட் பக்கத்தில் விறகோடு வந்த ஒரு வயசான அம்மா, "இதுல ஜீப்புதான் போகும் சாமி, திருப்பிக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். மனைவியும் சொல்லியிருக்கிறார். இவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. "ஆனா மேப்ல நீலக் கோடு நேரா போய்ட்டே இருந்தது சார்" என்றார்.

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் யாரும் ஒன்றுமே தெரியாமல் மாட்டிக்கொள்ளவில்லை. தார் ரோடு மண் ரோடாகும்போது, எதிரே ஒரு வண்டிகூட வராதபோது, மனசு ஒரு தடவை "இது சரியா?" என்று கேட்டிருக்கிறது. அப்போது பிரேக்கில் கால் வைக்காததுதான் அவர்கள் செய்த தவறு. அந்த நேரத்தில் வண்டியில் குழந்தைகள் இருந்தார்கள் என்று கேட்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

மேப்புக்கு என்ன தெரியும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாலை எங்கே போகிறது, எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடும். நம் காரின் அடிப்பகுதி எவ்வளவு உயரம், நேற்று பெய்த மழையில் எந்த மண் சரிந்தது, பனிமூட்டத்தில் எத்தனை அடி தூரம் தெரிகிறது என்பதெல்லாம் ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்குத்தான் தெரியும். இன்னொன்று: மேப்பில் பைக்குக்கென்று தனி வழித்தேர்வு இருக்கிறது. தினமும் பைக்கில் போகிறவர் அதை மாற்றாமலே காரில் ஏறி, கார் நுழையவே முடியாத சந்தில் போய் நின்றதையும் பார்த்திருக்கிறேன். கிளம்பும் முன் மேப்பில் தேர்வாகியிருக்கும் படம் காரா பைக்கா என்று பாருங்கள்.

ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு சாலை உண்டு. வாழப்பாடி பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மேப் அதைக் காட்டலாம். நல்ல சாலைதான், ஆனால் குறுகல். மலையில் ஓட்டிப் பழகாதவர்கள் சுற்றினாலும் பரவாயில்லை என்று அடிவாரம் வழியாகவே போகலாம் என்பது என் அபிப்பிராயம். கோடை விழா சமயத்திலும் மண் சரிந்த நாட்களிலும் போலீஸ் வழியை மாற்றி விடுவார்கள், அப்போது மேப் என்ன சொன்னாலும் அவர்கள் கை காட்டும் பக்கம்தான் திரும்ப வேண்டும்.

மேப்பை நம்பிப் போய், 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஒரு கார் படிக்கட்டில் இறங்கி நின்றது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே ராமகங்கை ஆற்றில், அதேபோல் மேப் காட்டிய வழியில் போய், ஒரு பகுதி வெள்ளத்தில் போயிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து 3 பேர் இறந்தார்கள். தடுப்பு வைக்காத பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மேல் வழக்கு போட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் இருட்டில், தெரியாத பாலத்தில், எதிரே இருப்பதைப் பார்த்து நிற்கக்கூடிய வேகத்தில் போவது ஓட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2020 அக்டோபரிலிருந்து, வண்டி ஓட்டும்போது கையிலுள்ள போனை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம் என்று விதி இருக்கிறது. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை சிறை. மேப் சொன்னது என்று அங்கே போய்ச் சொல்லித் தப்ப முடியாது. கார் ரிப்பேருக்கு இன்சூரன்ஸ் பணம் வரலாம். அதைத் தாண்டி உள்ளதற்கு ஓட்டியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தத் தோட்டப் பாதையை நடந்தே போய்ப் பார்த்தேன். மரக்கேட் முன்னால், அந்த அம்மா நின்று சொன்ன இடத்தில், லாரியே திரும்பும் அளவுக்கு இடம் இருந்தது. அங்கிருந்து தார் ரோட்டுக்கு 60 அடிகூட இருக்காது.