அழற்சி வேறு, வீக்கம் வேறு

"ஒட்டுண்ணிகள் கண்ணுக்குள் வீக்கத்தை உண்டாக்கிப் பார்வையைப் பறிக்கின்றன." நலவாழ்வுப் பக்கங்களில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் மலிந்துவிட்டன. ஆங்கிலத்தில் இன்ஃப்ளமேஷன் (inflammation) என்று வரும் இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வீக்கம் என்று எழுதுகிறார்கள். அதற்குரிய சொல் அழற்சி.

அழல் என்றால் தீ, வெம்மை. முயல் முயற்சியாவதுபோல் அழல் அழற்சியாகிறது. 'அழற்ச்சி' என்பது பிழை. ற் அருகே ச் இரட்டிக்காது. இன்ஃப்ளமேஷனின் லத்தீன் வேரும் சுடரைக் குறிக்கும் ஃப்ளாமாதான். சித்த மருத்துவ நூல்களின் 'தாபிதம்' வடமொழி வழி வந்தாலும் வெப்பத்தையே சுட்டுகிறது. வீக்கம் மட்டும் 'வீங்கு' என்பதிலிருந்து வருகிறது. இன்ஃப்ளேஷனைப் பணவீக்கம் என்றது பொருத்தம், ஏனெனில் அதன் வேருக்கு ஊதுதல் என்று பொருள். ஒலி நெருக்கத்தைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்குவதற்கு இடமே இல்லை.

உரோமானிய எழுத்தாளர் செல்சஸ் சொன்ன அழற்சியின் அடையாளங்கள் நான்கு: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கில் ஒன்றை எடுத்து முழுமைக்கும் பெயராக வைப்பது எப்படிச் சரியாகும்? கண்ணுக்குள்ளோ அந்த ஒன்றும் பல வேளைகளில் இருப்பதில்லை. கண் மருத்துவர் ஸ்லிட் லாம்ப் என்னும் ஒளியூட்டிய நுண்ணோக்கியில் 1 மி.மீ. சதுர ஒளிக்கற்றையைக் கண்ணின் முன்பகுதியில் நீர் நிறைந்த முன்னறைக்குள் செலுத்தி, அதில் மிதக்கும் வெள்ளணுக்களை எண்ணுகிறார். 6 முதல் 15 வரை இருந்தால் அழற்சியின் படிநிலை 1+, 16 முதல் 25 வரை 2+, 26 முதல் 50 வரை 3+, அதற்கு மேல் 4+. எண்ணப்படுவது அணுக்கள், எதுவும் புடைத்திருக்கிறதா என்று அங்கே யாரும் அளப்பதில்லை. அந்த அட்டவணையை 'வீக்க அளவு' என்று பெயர்த்தால் என்ன விளங்கும்?

ஆற்றுக் குருடு எனப்படும் ஓங்கோசெர்சியாசிஸை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவின் விரைந்தோடும் ஆறுகளின் ஓரம் கறுப்பு ஈ கடித்துப் பரவும் நோய் இது. இந்நோயின் ஒட்டுண்ணிப் புழு ஈனும் நுண்புழுக்கள் கருவிழிக்குள் (கார்னியா) உயிரோடு நெளியும்வரை பெரிய எதிர்வினை எழுவதில்லை. அவை செத்துச் சிதையும்போதுதான் கேடு. புழுவுக்குள் ஒண்டியிருக்கும் வோல்பாக்கியா பாக்டீரியா அப்போது வெளிப்படுகிறது. கருவிழி உயிரணுக்களிலுள்ள, நுண்ணுயிரை உணரும் டோல் ஏற்பி 2 அதை இனங்கண்டு சமிக்ஞை அனுப்புகிறது, வெள்ளணுக்களை அழைக்கும் கீமோகைன்கள் சுரக்கின்றன, நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் திரள்கின்றன, தெளிந்த கருவிழி மங்குகிறது. வோல்பாக்கியாவை டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியால் ஒழித்த புழுக்களின் சாற்றை எலியின் கருவிழியில் செலுத்தியபோது எதிர்வினை வெகுவாகக் குறைந்ததை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே பார்வையைப் பறிப்பதில் பெரும்பங்கு நம் உடலே மூட்டும் அழலுக்கு உண்டு. 'புழு வீக்கத்தை உண்டாக்குகிறது' என்ற வாக்கியத்தில் இந்தச் சங்கிலி முழுவதும் காணாமல் போகிறது. டைஎதில்கார்பமசின் என்ற மருந்து புழுக்களை விரைவாகக் கொன்று கண்ணைக் கெடுக்கும் என்பதால் இந்நோய்க்கு அதைத் தவிர்த்து ஐவர்மெக்டின் என்ற வேறு புழு மருந்தைக் கொடுப்பதன் காரணமும் வாசகருக்கு எட்டாது.

டாக்சோபிளாஸ்மா என்ற ஒற்றையணு ஒட்டுண்ணியின் தொற்றில் இந்தக் குழப்பம் ஆபத்தாகவே முடியும். அங்கே ஒட்டுண்ணி விழித்திரையை அழிக்க, விழித்திரை அழற்சி உண்டாகிறது. விழித்திரை வீக்கம் என்பது வேறு: திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்துத் தடிப்பது, மாக்குலர் எடிமா. நீரிழிவில் வரும் இந்த வீக்கத்துக்குக் கண்ணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கமான மருத்துவங்களில் ஒன்று. அதே ஊசியை ஒட்டுண்ணி மருந்தில்லாமல் டாக்சோபிளாஸ்மா கண்ணில் போட்டால் தடுப்பாற்றல் ஒடுங்கி, ஒட்டுண்ணி பெருகி, விழித்திரை பரந்த அளவில் செத்துப்போகலாம். டிரைமெத்தோபிரிம்–சல்ஃபாமெத்தாக்சசோல் போன்ற ஒட்டுண்ணி மருந்தைத் தொடங்கி ஓரிரு நாள் கழித்தே மாத்திரையாக ஸ்டீராய்டு சேர்ப்பார்கள். இரண்டு நிலைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டிய கையேட்டை நோயாளி கையில் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

'அழற்சி மக்களுக்குப் புரியாது' என்று மொழிபெயர்ப்பாளர்கள் சொல்வதை ஏற்க முடியாது. பணவீக்கமும் ஒருகாலத்தில் புதுச்சொல்தான். முதல் இடத்தில் 'அழற்சி, அதாவது தொற்றையோ காயத்தையோ எதிர்த்து உடல் காட்டும் எதிர்வினை' என்று ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த பத்தியில் வாசகர் தானே பிடித்துக்கொள்வார். புரியாத சொல்லைக் கேட்டாவது தெரிந்துகொள்ளலாம். தவறாகப் புரியும் சொல்லைப் பற்றி யாரும் கேட்கவே மாட்டார்கள்.

அழற்சிக்கு இன்னொரு பகையும் உண்டு. 'அலர்ஜி' காதில் ஏறக்குறைய அதே ஒலியாக விழுவதால், அலர்ஜியைத் தமிழாக்கியதாக நினைத்து அழற்சி என்று எழுதுகிறார்கள். அலர்ஜிக்கு ஒவ்வாமை இருக்கிறது. ஒவ்வாமையால் அழற்சி வரலாம். வரும் அழற்சியெல்லாம் ஒவ்வாமை ஆகாது. கண் உறுத்துவதற்கு எரிச்சல், நீர் கோத்துத் தடிப்பதற்கு வீக்கம். மருந்துச் சீட்டில் 'வீக்க எதிர்ப்பு மருந்து' என்று இருந்தால் அதை 'அழற்சி நீக்கி' என்று திருத்துங்கள்.