விற்பனைக்கோலம்: வீட்டை மேடையில் ஏற்றாதீர்கள்

‘கடலோர இல்லங்களை மேடையேற்றித் தருகிறோம்’ என்று ஒரு துண்டறிக்கை. கோயில் மண்டபத்தில் பேசிய ஒருவர் ‘வீட்டு அரங்கேற்றம்’ என்றார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ‘இல்ல மேடையமைப்பு’ என்று வந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் அச்சேறுவதே அபூர்வம். அந்தக் கொஞ்சத்திலும் இப்படியா?

சொல்ல வந்த பொருள் எளியது. விற்கப் போகிற வீட்டை, வாங்க வருகிறவர் வாசலில் நின்று பார்த்ததுமே ‘இங்கே இருக்கலாம்’ என்று நினைக்கும்படி ஒழுங்கு செய்து வைப்பது. ஆங்கிலத்தில் ஹோம் ஸ்டேஜிங். அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் வீடு விற்றுக்கொடுத்துவந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் 1972-ல் இதைத் தொடங்கிவைத்தார் என்பார்கள். அவர் நாடகம் பயின்றவர், அதனால் அந்தப் பெயர். ஸ்டேஜ் என்ற சொல்லின் வேர், ‘நிற்றல்’ என்று பொருள்படும் லத்தீன் வினை. நாம் புழங்கும் ‘ஸ்தானம்’ அதற்குத் தாயாதி. பழைய பிரெஞ்சில் அது தங்குமிடம், மாடி. இன்றைய பிரெஞ்சிலும் எத்தாழ் என்றால் மாடிதான், மொரீஷியஸ் உறவினர் யாரையும் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்திலும் முதலில் மாடி. நாடக மேடை என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. மேடைக்கு முன்னால் இருந்தது வீடு. நம் மொழிபெயர்ப்பாளர்களோ அதை விட்டுவிட்டுப் பின்னால் வந்த மேடையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழில் மேடை என்றால் உயரமான தளம். சமையல் மேடை, அரசமரத்தடி மேடை. மேடையேற்றுவது என்றால் ஒன்றைத் தூக்கி அதன்மேல் வைப்பது, இல்லாவிட்டால் நாடகம் போடுவது. வீட்டை நாடகமாகப் போட முடியாது. ஆகவே படிக்கிறவர் மனம் முதல் பொருளுக்குத்தான் போகும். அதுவும் எங்கள் கரையில்! 2022 ஏப்ரல் வெள்ளம் எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலைப் புரட்டிப்போட்டது. அடுத்த மாதமே மறுபடி கொட்டிய மழையில், டர்பனுக்கு வடக்கே உள்ள கடலோர ஊரான உம்ட்லோட்டியில் கடலைப் பார்த்த வீடுகளுக்குள் சேறும் மணலும் இறங்கின. அதைக் கண்டவர்களிடம் போய் ‘கடலோர வீட்டை மேடையேற்றுகிறோம்’ என்றால் என்ன நினைப்பார்கள்? டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த்தில் ஓர் ஆயா துண்டறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “வெள்ளத்துக்குப் பயந்து வீட்டத் தூக்குறாங்களா?” என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. சென்னையில் பள்ளத்து வீடுகளை ஜாக்கி வைத்து உயர்த்துகிறார்களே, அதற்கு மேடையேற்றம் என்று பெயர் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும்.

அரங்கேற்றம் இன்னும் மோசம். கற்ற கலையை அவையின் முன் முதன்முறையாகக் காட்டி ஒப்புதல் பெறுவது அரங்கேற்றம். ஒருமுறைதான் நடக்கும். விற்பனை வீடோ ஞாயிறுதோறும் ஷோ டே, அதாவது யாரும் வந்து பார்க்கலாம், என்று பலகை நட்டு, விலைபோகும்வரை காட்டப்படுவது.

இதற்கு ஒரு தமிழாசிரிய நண்பர் சிலப்பதிகாரத்தையே கொண்டுவந்து எதிர்வாதம் வைத்தார். அரங்கேற்று காதையில் மாதவி ஆடுகிறாள், உடனே அவள் மாலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னுக்குத் தெருவில் விலைகூறப்படுகிறது, கோவலன் வாங்குகிறான். அரங்கேற்றமும் விற்பனையும் அங்கேயே கைகோத்து நிற்கின்றனவே என்றார். கெட்டிக்கார வாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலைகூறப்பட்டது மாலை. ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் என்று இளங்கோவடிகள் அளந்து சொல்கிற அந்த அரங்கை யாரும் விற்கவில்லை, அது நின்ற இடத்தில் நின்றது. வீட்டு விற்பனையில் இது தலைகீழ். விற்கப்படுவதே அரங்கு. அதன்மேல் சாத்திய மாலை, அதாவது வாடகைக்கு வந்த சோபாவும் குஷனும் வெள்ளை லினன் திரையும், வேலை முடிந்ததும் லாரியில் ஏறிப் போய்விடும். நண்பர் பதில் சொல்லவில்லை. ஆனாலும் அரங்கேற்றம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்.

‘வீட்டு ஒப்பனை’ என்பாரும் உண்டு. இது பக்கத்தில் வருகிறது. ஆனால் ஒப்பனை என்றதும் மறைப்பதுதான் நினைவுக்கு வரும்: தழும்பை மறைப்பது, நரையை மறைப்பது. கடலோர வீட்டில் அது வம்பு. உப்புக்காற்று கீலைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும், கேட் மோட்டாரைத் தின்னும். அலுமினியச் சட்டத்தில்கூடப் புள்ளி விழும். அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும். துருவின்மேல் சாயம் பூசினால் சில மாதத்தில் மறுபடி கசியும். இங்கே சட்டமும் சும்மா இல்லை. 2022 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள 2019-ஆம் ஆண்டுச் சொத்துத் தொழிலர் சட்டப்படி, வீட்டின் குறைகளை விற்பவர் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராமல் தரகர் அந்த வீட்டை விற்க எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’, அதாவது இருப்பது இருந்தபடி, என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டாலும், தெரிந்தே மறைத்த குறைக்கு அது கேடயமாகாது. அப்படிப்பட்ட ஊரில் இந்த வேலைக்கு ஒப்பனை என்று பெயரிடுவது, செய்யாத குற்றத்துக்கு வாக்குமூலம் கொடுப்பதுபோல.

உண்மையில் செய்வது என்ன? துருப்பிடித்த கீலைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுவது. கண்ணாடியில் படியும் உப்புப் படலத்தை ஆள் வருவதற்கு முதல்நாள் கழுவுவது. ஒரு வாரம் முன்பு கழுவிப் பயனில்லை. கடலை மறைக்கும் உயர அலமாரியை நகர்த்தி, நாற்காலிகளை ஜன்னல் பக்கம் திருப்புவது. அலமாரிகளைத் திறந்துவைத்து ஈரவாடையைப் போக்குவது. எங்கள் கடல் கிழக்கே. காலையில் படமெடுத்தால் வெயில் கேமராவின் கண்ணைக் குத்தும், பிற்பகலில் எடுத்தால்தான் நீலம் தெரியும். பிறகு சிப்பி, நங்கூரம், மரமீன் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைப்பது. ஜன்னலுக்கு வெளியே இந்தியப் பெருங்கடல் இருக்கும்போது சுவரில் எதற்கு மரமீன்? (காமாட்சி விளக்கையும் எடுக்கச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் தன் வீடாக நினைத்துப் பார்க்கவேண்டுமாம். அதைப்பற்றித் தனியே சண்டை போடலாம்.)

இதற்குத் தமிழில் பெயர் இல்லாததற்குக் காரணமும் உண்டு. 1860-ல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் வாரிசுகளை, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ன் குரூப் ஏரியாஸ் சட்டம் சாட்ஸ்வர்த் போன்ற இடங்களுக்குத் தள்ளியது. டர்பன் கடற்கரைகள் எல்லோருக்கும் திறந்ததே 1989-ல். கடல் தெரியும் வீட்டை என்ன விலைக்குத் தள்ளுவது என்ற கவலை நம் தாத்தாக்களுக்கு எங்கே இருந்தது?

நான் சொல்லும் சொல் ‘விற்பனைக்கோலம்’. கோலம் என்றால் தோற்றம், அழகு, பூண்ட வேடம். மணக்கோலம், போர்க்கோலம், தவக்கோலம், விழாக்கோலம் என்று ஒரு சந்தர்ப்பத்துக்காகப் பூணுவதைச் சொல்லும் வரிசை தயாராக இருக்கிறது. நாடக வாடை வேண்டும் என்பவருக்கும் குறையில்லை. மலையாளத்தில் தெய்யம் என்ற சடங்காட்டம் ஆடுகிறவர் கோலம்தான் கட்டுகிறார். கோலம் பூணலாம், கலைக்கலாம். ‘வீடு விற்பனைக்கோலம் பூண்டிருக்கிறது’ என்றால் ஆயாவுக்கும் புரியும். சுருக்கமாக ‘விலைக்கோலம்’ என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். விலைமகளிர் ஞாபகம் வரும், வேண்டாம். அரிசிமாக் கோலத்தோடு குழம்பிவிடாதா என்று இன்னொருவர். போர்க்கோலம் என்றால் யாரும் மாவைத் தேடிப் போவதில்லை.

இந்தச் சொல் பிடிக்காவிட்டால் ஸ்டேஜிங் என்றே எழுதுங்கள். நான் தூய்மைவாதி இல்லை. பாண்ட் என்றால் இங்கே எல்லோருக்கும் வீட்டுக் கடன் என்று தெரியும். அதே துண்டறிக்கை அதைப் ‘பிணைப்பு’ ஆக்கியிருக்கிறது, மாஸ்டர் பெட்ரூமை ‘எஜமானர் படுக்கையறை’ ஆக்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சிகரம் ‘கடல் பார்வை கொண்ட வீடு’. பார்ப்பது யார், கடலா? ‘கடல் தெரியும் வீடு’ என்ற மூன்று சொல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டி, எழுதியதை ஒருமுறைகூட வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்கிறார்கள்.

வேலை செய்கிறவரை எப்படி அழைப்பது என்பது மட்டும் பாக்கி. ‘கோலக்காரர்’ என்றால் மார்கழிப் போட்டிக்குப் பரிசு வாங்க வந்தவர் என்று நினைப்பார்கள். ‘கோலம் புனைவோர்’ புலவர் பட்டம் மாதிரி இருக்கிறது. அவர் ஸ்டேஜராகவே இருக்கட்டும்.