பயனியர்: காலாளாகக் கிளம்பிய சொல்

'பயனியர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் கை தானாக 'முன்னோடி' என்று எழுதிவிடுகிறது. இதழியல் முன்னோடி, பேசும்பட முன்னோடி என்று எழுதும்போது சரி, குறையே இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் வண்டி கட்டிக்கொண்டு போய் நிலம் பிடித்து உழுதவர்களுக்கும் அதே சொல்லைப் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

லத்தீனில் காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'பெடோ' வந்தது. அதற்குக் காலாள் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'பயனியர்' என்பது படையில் ஒரு தனி வேலையைக் குறித்தது. பெரும்படை வருவதற்கு முன்பே மண்வெட்டியும் கோடரியுமாகப் போய் மரம் வெட்டி, பாதை திருத்தி, அகழி தோண்டி வைப்பவர் அவர். சென்னையில் 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய பயனியர் படைப்பிரிவுகளும் இந்த வேலைக்குத்தான். அவைதான் பிற்பாடு 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்ற படைப் பொறியாளர் பிரிவு ஆயின.

அதே லத்தீன் வேரிலிருந்து போர்ச்சுக்கீசியம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த இன்னொரு சொல் 'பியூன்'. அவரும் முதலில் காலாள்தான். அப்புறம்தான் கடிதம் சுமப்பவரானார், அலுவலக வாசலில் நிற்பவரானார். நம் 'சேவகன்' என்ற சொல்லும் போர்க்களத்திலிருந்து அலுவலக வாசலுக்கு இப்படித்தான் வந்தது. ஆக, பியூனும் பயனியரும் ஒரு தாய் மக்கள்.

'எதையும் முதலில் செய்பவர்' என்ற பொருள் ஆங்கிலத்தில் பிறகு சேர்ந்தது. அமெரிக்காவில் அதுவே எல்லைப்புறத்தில் முதலில் போய்க் குடியமர்ந்த வெள்ளைக்காரருக்குப் பெயராக நிலைத்தது.

அவர்கள் வாழ்க்கையைப் பார்த்தால், பழைய மண்வெட்டிப் பொருள்தான் நெருக்கமாக இருக்கிறது. லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட குடியிருப்பு நிலச் சட்டம், குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ இருப்பவருக்கு 160 ஏக்கர் தந்தது. சும்மா இல்லை. ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து, பயிர் செய்து, இரண்டு சாட்சிகளை வைத்து நிரூபித்தால்தான் பட்டா. சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே நெப்ராஸ்காவில் டேனியல் ஃப்ரீமன் என்பவர் மனுப் பதிந்தார்.

நெப்ராஸ்கா, கன்சாஸ் சமவெளியில் வீடு கட்ட மரம் கிடையாது. இருந்ததெல்லாம் ஆழ வேரோடிய புல்தான். அந்தத் தரையைக் கலப்பையால் நீள நீளமாகக் கீறி, புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்தார்கள். ஒரு பாளம் சுமார் ஓரடி அகலம், நான்கு அங்குலக் கனம். புல் பக்கம் கீழே வரும்படி கவிழ்த்துச் செங்கல் போல அடுக்கினால் இரண்டு, மூன்று அடி தடிமனில் சுவர். கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு. மழை வந்தால்தான் பாடு. கூரையும் மண்தான் என்பதால், வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சேறாக ஒழுகிக்கொண்டிருக்கும். சட்டியில் மண் விழாமலிருக்கக் கூரைக்குக் கீழே மெல்லிய துணி கட்டினார்கள். அந்தத் துணியில் சில நேரம் பாம்பும் விழும். அடுப்பெரிக்க எரு பொறுக்கினார்கள்: பைசன் மாடுகள் போட்டுக் காய்ந்த சாணம். முதல் ஆண்டில் உழவு சரியாகப் படியாது. கோடரியால் தரையைக் கொத்திப் பிளந்து அந்தக் கீற்றில் சோளவிதை போட்டவர்களும் உண்டு. 1874இல் வந்த வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரோடு நிற்காமல் துணிமணியையும் கருவிகளின் மரப்பிடியையும் அரித்துத் தின்றது.

இவ்வளவு பாடுபட்டவர்களுக்கு முன்னோடி என்ற பெருமை தகாதா என்று கேட்கலாம். பாடுபட்டார்கள் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் முன்னோடி என்றால் அவருக்கு முன்னே அங்கே ஆள் இல்லை என்று ஆகிவிடுகிறது. ஃப்ரீமன் நிலம் பிடித்த அந்த வட்டாரம் ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுடையது. ஒப்பந்தங்கள் மூலம் அவர்கள் நிலம் சுருக்கப்பட்டு, 1881இல் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போகவேண்டி வந்தது. சதுர மைலுக்கு இரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால் அது குடியேற்ற எல்லைக்கு அப்பாற்பட்ட நிலம் என்றது அன்றைய மக்கள்தொகைக் கணக்கு. வரி கட்டாத பூர்வகுடிகளை அதில் சேர்க்கவே இல்லை. ஆள் இல்லாத நிலம் இப்படித்தான் உருவானது.

அதனால் என் பரிந்துரை 'குடியேறி'. 'வந்தேறி' வசைச்சொல்லாகிவிட்டது, அது வேண்டாம். செய்தித்தாள்களின் 'குடியேற்றவாசி' தவறில்லை, ஆனால் நீளம். 'குடி' என்பது வீடு, குடும்பம், உழவர் மூன்றையும் குறிக்கும். ஒரு குடும்பம் வீடு கட்டி, தங்கி, உழ வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் நிபந்தனையே. முதலில் போனவர் என்று அழுத்த வேண்டிய இடத்தில் 'முதல் குடியேறிகள்' என்று எழுதலாம், எந்த ஊரில் என்று சேர்த்து. 1877இல் கன்சாஸில் நிகோடமஸ் என்ற ஊரை உண்டாக்கிய, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கும் இது பொருந்தும். மணமாகாத பெண்களும் விதவைகளும் தங்கள் பெயரிலேயே நிலம் பதிந்தார்கள். 'குடியேறி'க்கு ஆண்பால் பெண்பால் விகுதி தேவையில்லை என்பதால் அவர்களுக்கென்று வேறு சொல் தேட வேண்டியதில்லை.