எர்த் பைப்பும் எம்சிபியும் மாட்டைக் காப்பாற்றாது

மழைக்காலம் தொடங்கினால் போதும், கொட்டகையில் கட்டியிருந்த கறவை மாடு மின்சாரம் தாக்கி இறந்தது, அவிழ்க்கப் போனவருக்கும் ஷாக் அடித்தது என்ற செய்தி வந்துவிடுகிறது. அந்த இடங்களின் போர்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் வந்தால் விழும் சுவிட்ச்) இருக்கும், எர்த் பைப் இருக்கும், ஆர்சிசிபி (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமில்லாமல் கசிந்தால் லைனை வெட்டும் கருவி) இருக்காது. இருந்தாலும் "அடிக்கடி விழுது" என்று அதைத் தாண்டி வயர் கொடுத்து வைத்திருப்பார்கள்.

"எர்த் அடிச்சிருக்கே, லீக் ஆனா எம்சிபி விழுந்துடுமே?" இந்த நம்பிக்கைதான் உயிரை வாங்குகிறது. கணக்கைப் பாருங்கள். தோட்டத்து மண்ணில் ஒற்றை எர்த் ராடுக்கு 50 ஓம் தடை இருப்பது சாதாரணம். கோடையில் இன்னும் ஏறும். 230 வோல்ட்டை 50 ஓமால் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது வழக்கமான லோடு, நாள் முழுக்க ஓட விடும். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழுவதை உறுதி செய்ய 160 ஆம்பியர் பாய வேண்டும். அதற்கு டிரான்ஸ்பார்மர் வரையிலான மொத்தத் தடை 1.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். உப்பும் கரியும் கொட்டி 5 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 46 ஆம்பியர்தான் பாயும். எம்சிபி சூடாகி விழப் பல நொடிகள் ஆகும். அதுவரை மோட்டார் உடம்பில் நிற்கும் வோல்ட்டேஜ் அதே எர்த் வயர் வழியாக இரும்புத் தூணுக்கும் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் போய்ச் சேரும். ஆர்சிசிபி இல்லாத எர்த், பழுதைக் கொட்டகை முழுக்கப் பரப்புகிறது.

மாட்டுக்குச் செருப்பு கிடையாது. முன்கால் ஓரிடம், பின்கால் ஓரிடம், நடுவில் நெஞ்சு, கீழே சாணமும் மூத்திரமும் ஊறிய ஈரத் தரை. நாம் "லேசா சுர்ருனுது" என்று கையை எடுத்துக்கொள்ளும் அளவே அதற்கு ஆபத்து. பழுதான பொருளைத் தொடும்போது உடம்பில் விழும் தொடு வோல்ட்டேஜ் மற்ற இடங்களில் 50 வரை பொறுக்கலாம் என்றால், கொட்டகையில் 25-க்குள் வைக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது இதனால்தான்.

இப்போது எதை வாங்குவது? பிளக் பாயின்ட், பால் கறக்கும் இயந்திரம், தீவனம் வெட்டும் மெஷின், மாடு கழுவும் பம்ப், கைக்கு எட்டும் விளக்கு என்று கொட்டகைக்குள் வரும் எல்லா லைனுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்சிசிபி. இதில் பேரம் வேண்டாம். நிலையாகப் பொருத்திய போர்வெல் மோட்டாருக்கு 100 வைக்கலாம். வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போகும் கேபிளின் தொடக்கத்தில் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர், எஸ் என்று குறித்த தாமத வகை. அங்கேயும் 30 போட்டால் கொட்டகையில் ஒரு பழுது வந்ததும் வீடும் சேர்ந்து இருட்டாகும், கோபத்தில் இரண்டையும் கழற்றி எறிவீர்கள். ஆனால் 300 என்பது தீ விபத்தைத் தடுக்கவும், கீழேயுள்ள கருவி விழாமல் போனால் பின்காப்பாகவும்தான். கம்பியைத் தொட்ட மனிதரைக் காப்பாற்றும் என்று அதை நம்பாதீர்கள்.

விலையைப் பார்த்து ஏசி வகையை (மாறுமின் கசிவை மட்டும் அறிவது) வாங்காதீர்கள், ஏ வகை குறைந்தபட்சம். கருவி முகப்பில் ஒற்றை அலை மட்டும் வரைந்திருந்தால் ஏசி வகை, அதன் கீழ் அரை அலைகளும் இருந்தால் ஏ. மூன்று பேஸ் விஎப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வைத்து மோட்டார் ஓட்டுபவர்களுக்கு பி வகை தேவை. அங்கே டிசி கசிவு வந்தால் மற்ற இரண்டும் செயலற்றுப்போகக்கூடும். ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு தெரியாது. 32 ஆம்பியர் எம்சிபியோடு 40 ஆம்பியர் ஆர்சிசிபி சேர்த்துப் போடுங்கள், அல்லது இரண்டும் சேர்ந்த ஆர்சிபிஓ வாங்குங்கள். நியூட்ரல் இல்லாத மூன்று பேஸ் மோட்டாருக்கு நான்கு போல் ஆர்சிசிபி போட்டால், டெஸ்ட் பட்டன் எந்த முனைகளுக்கு இடையே வேலை செய்கிறது என்று அதன் மேலுள்ள படத்தைப் பார்த்து இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டன் வெறும் அலங்காரம்.

"விழுது, எடுத்துடுங்க" என்பவர்களுக்கு: அது ஏன் விழுகிறது என்று கேளுங்கள். நியூட்ரல் வராத நேரத்தில் போர்வெல் கேசிங் பைப்பிலிருந்து ரிட்டர்ன் எடுத்து பல்பு எரிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்த இணைப்பில் ஆர்சிசிபி நிற்கவே நிற்காது, நிற்கவும் கூடாது. தயவுசெய்து அதை இன்றே அவிழ்த்துவிடுங்கள். அடுத்த காரணம், ஆர்சிசிபிக்குப் பிறகு இரண்டு லைனின் நியூட்ரலை ஒன்றாக முறுக்குவது. இவை இரண்டும் இல்லையென்றால் 500 வோல்ட் மெக்கரால் (வயரின் காப்புத் தடையை அளக்கும் மீட்டர்) ஒவ்வொரு லைனாகப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் போர்வெல் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் ஏறியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். ஒவ்வொரு லைனின் சிறு கசிவும் அதில் கூடிக்கொண்டே போகும், அதனால் எல்லா லைனையும் ஒரே ஆர்சிசிபியில் கோர்க்காதீர்கள்.

கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். மூடிய ஷெட்டில் ஒரே கருவி விழுந்து எல்லா ஃபேனும் நின்றால், சிறிது நேரத்திலேயே கோழிகள் சாகத் தொடங்கும். ஃபேன்களைக் குழுக்களாகப் பிரித்துத் தனித்தனி ஆர்சிபிஓ கொடுங்கள், கரண்ட் போனால் ஒலிக்கும் அலாரமும் வையுங்கள்.

போர்டைக் கொட்டகைக்குள் மாட்டாதீர்கள். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா காண்டாக்டுகளை அரித்துவிடும். வெளியே, மழை படாத இடத்தில், தண்ணீரும் பூச்சியும் புகாத மூடிய பெட்டியில் வையுங்கள். கொட்டகையின் தூண், கட்டுக்கம்பி, தொட்டிக் குழாய் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து எர்த்தில் சேருங்கள்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அது கருவியை மட்டுமே சோதிக்கும், எர்த்தை அல்ல. எர்த் தடையை வருடம் ஒருமுறை கோடையில் தனியாக அளக்கச் சொல்லுங்கள். பட்டனை அழுத்தியும் விழவில்லை என்றால் புதியது பொருத்தும் வரை அந்த லைனை அணைத்து வையுங்கள். அதுவரை மாட்டுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிக்கொள்ளலாம்.