நெத்திலி இல்லாவிட்டால் கடலில் யாருக்குப் பசிக்கும்?

நெத்திலியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மூக்கு துருத்திக்கொண்டு முன்னால் நிற்கும், அதற்கு அடியில் வாய், அது கண்ணையும் தாண்டிப் பின்பக்கம் வரை கிழித்துவிட்டது போல இருக்கும். விரல் நீள மீனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வாய் என்றால், பிளந்தபடியே நீந்துவதற்குத்தான். உள்ளே போகிற தண்ணீர் செவுள் வழியாக வெளியேறும்போது, செவுள் வளைவுகளில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கும் முட்கள் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி நிறுத்திக்கொள்கின்றன. கொஞ்சம் பெரிய இரை கண்ணில் பட்டால் வடிகட்டுகிற வேலையை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். சில சமயம் தன் இனத்தின் முட்டையையே தின்னும், அதிலெல்லாம் கூச்சம் கிடையாது.

இந்த வடிகட்டும் வாய்தான் விஷயமே. கடலின் உணவில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களாகத்தான் இருக்கிறது, ஆனால் சூரைமீனோ கடற்சிங்கமோ கூழைக்கடாவோ அதை நேரடியாகத் தின்ன முடியாது. யாராவது அதை ஒரு வாய்க்கு அடங்கும் சதைத் துண்டாக மாற்றிக் கொடுக்க வேண்டும். கீழே நூற்றுக்கணக்கான வகை மிதவை உயிர்கள், மேலே ஏகப்பட்ட வேட்டையாடிகள், நடுவில் இந்த மாற்றும் வேலையைச் செய்வது பல கடல்களில் நெத்திலி, மத்தி என்று ஒன்றிரண்டு இனங்கள் மட்டும்தான். சூழலியலாளர்கள் இந்த அமைப்பைக் குளவியின் இடுப்போடு ஒப்பிடுகிறார்கள். எனக்கு உடுக்கைதான் பொருத்தமாகப் படுகிறது.

அந்த இடுப்பு ஒடிந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரு நாட்டுக் கடற்கரை காட்டியது. அங்கே ஆழத்திலிருந்து சத்து நிறைந்த குளிர்ந்த நீர் மேலே வந்துகொண்டே இருப்பதால் மிதவை உயிர்கள் பெருகும், கூடவே நெத்திலியும். 1970-ல் 1.2 கோடி டன்னுக்கும் மேல் பிடித்தார்கள். 1972-ல் எல் நினோ வந்தது, மேற்பரப்பு நீர் சூடாகி அடியிலிருந்து வரும் சத்து குறைந்தது, ஏற்கெனவே அளவுக்கு மீறி அள்ளியிருந்ததால் மீன்வளம் அப்படியே சரிந்தது. 1973-ல் 20 லட்சம் டன்கூடத் தேறவில்லை. அந்த மீனை நம்பியிருந்த கடல் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் கூடவே குறைந்தன.

எல்லாப் பழியையும் வலைமேல் போடவும் முடியாது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே கடலடிச் சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் மீன் செதில்களை எண்ணிப் பார்த்தபோது, பெரிய வலைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நெத்திலியும் மத்தியும் தாமாகப் பெருகியும் சுருங்கியும் வந்திருப்பது தெரிந்தது. வலை செய்வது, சுருங்கும் நேரத்தில் இன்னும் கீழே தள்ளுவது.

இதில் கூட்டமாக நீந்தும் பழக்கமே எதிரியாகிறது. கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. பக்கத்தில் இருப்பவனைக் கண்ணாலும், அவன் கிளப்பும் நீரசைவை உடலாலும் உணர்ந்து ஒவ்வொன்றும் திரும்புகிறது. பாய்ந்து வரும் வேட்டையாடிக்கு ஒரே வெள்ளிப் பளபளப்புதான் தெரியும், எதைக் குறிவைப்பது என்று திணறும். ஆனால் வலைக்கு அந்தக் குழப்பம் இல்லையே. மீன் பாதியாகக் குறைந்தாலும் மிச்சமிருப்பவை ஒட்டி ஒட்டியே நிற்பதால் வலை வழக்கம்போல நிறையும், கடலில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். அதனால்தான் சரிவு திடீரென்று வந்தது போல இருக்கிறது.

சரி, எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும்? உலகின் ஏழு கடற்பகுதிகளில் 14 வகைக் கடற்பறவைகளை ஒப்பிட்டு 2011-ல் வெளியான ஆய்வு ஒரு கணக்கு சொன்னது: இரைமீன்களின் அளவு அதன் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பறவைகளின் குஞ்சு பொரிப்பு குறையத் தொடங்குகிறது.

அப்புறம், நெத்திலியின் வேலை தின்னப்படுவது மட்டும் இல்லை. ஸ்பெயினின் கலீசியாவில் ஒரு கடற்கழியில் நீர்க்கலக்கத்தை அளந்துகொண்டிருந்தவர்களின் கருவிகள் இரவானால் புயல் அடித்தது போன்ற அளவுகளைக் காட்டின, காற்றோ அலையோ அதற்கு ஈடாக இல்லாத இரவுகளிலும்கூட. எதிரொலிக் கருவியில் பார்த்தால் மீன் கூட்டம். தண்ணீரை அள்ளிச் சலித்தால் அப்போதுதான் இட்ட நெத்திலி முட்டைகள். முட்டையிட இரவில் திரண்ட மீன்கள் வாலை அடித்து அடித்தே மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கிக்கொண்டிருந்தன.